ஐஸ்காரி அடித்த கோல்கள்

ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்ததால் அவளுக்கு ஐஸ்காரி என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கிக்காரர்கள் மட்டும்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். குளிர் அறையிலிருந்து வரும் ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து, லாரி நிற்கும் பக்கம் சரிவுப் பலகையில் இறக்கிவிடுவது அவள் வேலை. பாளம் கோணிக்கொண்டு போனால் குனிந்து நிமிர்த்த நேரம் இருக்காது. காலால் ஒரு தட்டு தட்டினால் நேராகிவிடும். வருடக்கணக்காக இப்படித் தட்டியதில் அவள் காலுக்கு ஒரு தனிக் குணம் வந்துவிட்டது. வழியில் எது கிடந்தாலும் அவளைக் கேட்காமலேயே போய் உதைத்துவிடும்.

வேலை முடிந்ததும் லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கிளீனர்களோடும் மெக்கானிக்குகளோடும் பந்தாடுவாள். அவள் உதைக்க வருகிறாள் என்றால், கோல் காக்க நிற்பவன் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓரமாக வைப்பான். "நீயெல்லாம் கிளப்புல ஆட வேண்டியவ" என்று அவர்களில் யாரோ ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயது இருபத்துநாலு. பந்தை நம்பிப் பிழைப்பதென்றால் ஏற்கெனவே தாமதம் என்பது அவளுக்கே தெரியும்.

இந்த நேரத்தில்தான் உத்தரவு ஒன்று வந்தது. நகரத்துக் கால்பந்துச் சங்கத்துக்கு மேலே ஒரு சங்கம் இருந்தது. பெண்கள் அணி இல்லாத கிளப்பின் ஆண்கள் அணிக்கு அடுத்த பருவத்தில் ஆட அனுமதி கிடையாது என்று அந்த மேல்சங்கம் சொல்லிவிட்டது. அதுவரை பெண்களுக்கும் கால் உண்டு என்பதைக் கவனிக்காத எல்லாக் கிளப்புகளும் ஒரே வாரத்தில் பெண்கள் அணி தொடங்கின. சுவரெங்கும் நோட்டீஸ். ஐஸ்காரி வேலை முடிந்த கையோடு, ஈரம் காயாத பூட்ஸுடன் ஓடினாள்.

கிளப் மைதானத்தில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் பயிற்சியாளர். கிளப் தலைவரின் மச்சான் அவர். அதற்கு முன் டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தவர். "ரெண்டும் ஒண்ணுதான், முன்னால பாத்துப் போகணும், பின்னாலயும் ஒரு கண்ணு இருக்கணும்" என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையாக வந்த பெண்களைத் தோள் அகலம் பார்த்து நிறுத்தினார். யாரும் எதையும் உதைக்கவில்லை.

"சார், பந்து எங்க?" என்று ஐஸ்காரி கேட்டாள்.

"பந்து எதுக்கு?"

"ஆளெடுக்கணும்னா ஆட விட்டுப் பாக்க வேண்டாமா?"

"ஜெர்சி தைச்சு வந்தாச்சும்மா. யாருக்குப் பொருந்துதோ அவங்கதான் டீம். ஒன்பதாம் நம்பரு போட்டுப் பாரு."

ஒன்பதாம் நம்பர் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. இப்படியாக அவள் தொழில்முறைக் கால்பந்து வீராங்கனை ஆனாள்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம் என்றார் பயிற்சியாளர். பதிவு பெற்ற வீராங்கனை வேறு வேலைக்குப் போகக் கூடாது. சங்கம் அனுமதிக்காத இடத்தில் பந்தைத் தொடவும் கூடாது. ஐஸ்காரி கொக்கியை மேஸ்திரியிடம் ஒப்படைத்தாள். "போறது போற, நல்லாப் போ. திரும்பி வந்தா இந்த இடத்துல வேற ஆளு இருக்கும்" என்றார் மேஸ்திரி. பொட்டலுக்குப் போய்ச் சும்மா நின்று பார்த்தாள். பந்து அவள் பக்கம் உருண்டு வந்தபோது மெக்கானிக் பாய்ந்து வந்து எடுத்துக்கொண்டான். "நீ இப்ப புரொபஷனல். உன் காலுக்கு ஏதாச்சும் ஆனா நாங்க பதில் சொல்லணும்."

பருவத் தொடக்க விழாவில் சங்கச் செயலாளர் பேசினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பூட்ஸ், கழுத்தில் விசில். "கால்பந்துன்னா கால் சம்பந்தப்பட்ட விஷயம்னு நிறையப் பேரு தப்பா நினைச்சிட்டிருக்காங்க. அது கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட விஷயம். நான் இந்த விளையாட்டுக்கு எத்தனையோ வருஷமா உழைக்கிறேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பந்தைத் தொட்டதில்ல. தொட்டா ஆசை வரும். ஆசை வந்தா நிர்வாகம் போச்சு." எல்லாரும் கைதட்டினார்கள். ஐஸ்காரியும் தட்டினாள். ஏன் தட்டினோம் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தாள்.

முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு அவள் தூங்கவில்லை. அக்கா வீட்டில்தான் இருந்தாள். அக்கா தையல் கம்பெனியில் காலர் வைப்பவள். அவள் கணவர், ஐஸ்காரியின் மாமா, லாரி ஓட்டுபவர். காலையில் அக்கா பூட்ஸின் பிரிந்த தையலை இழுத்துக் கட்டிக் கொடுத்தாள். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோடு போட்டிருந்தது, வலை கட்டியிருந்தது. எதிரணி வரவில்லை. நடுவர் ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் விசிலை ஊதினார். வாக்ஓவர். எதிரணி வராவிட்டால் வந்த அணிக்கு மூன்றுக்குப் பூஜ்யம் என்று விதி.

"பிரமாதம். ஒரு கோல்கூட விடல பாரு" என்று பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கினார்.

அடுத்த ஆட்டத்தன்று ஐஸ்காரி ஜெர்சியோடு கிளப்புக்குப் போனால் கேட் பூட்டியிருந்தது. "இன்னிக்கு உங்க டீம் போகாதும்மா. போன வாரம் அவங்க வரல, இந்த வாரம் நீங்க போகல. பேசி முடிச்சதுதான்" என்றார் காவலாளி. அவளால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. கால் பஸ் ஸ்டாண்ட் பக்கமே இழுத்தது. இரண்டு பஸ் மாறி எதிரணியின் மைதானத்துக்குப் போனாள்.

அங்கே ஓர் அணி முழுசாக நின்றுகொண்டிருந்தது. கோல் கம்பத்தின் அடியில் நெடுநெடுவென்று ஒருத்தி, கையுறை மாட்டிக்கொண்டு, வராத பந்துக்காக இடமும் வலமும் தாவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். எல்லாரும் அவளைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"நீ எதுக்கு வந்த? உங்க டீம் இன்னிக்கு வரக் கூடாதே" என்றாள் கண்டக்டர்.

"தெரியும். இருப்பு கொள்ளல, வந்துட்டேன்."

"எனக்கும் அப்படித்தான். பஸ்ல நின்னுட்டே ஓடியிருக்கேன், இங்க நின்னுட்டே நிக்கிறேன்."

ஐஸ்காரி நடுவரிடம் போனாள். "சார், நான் ஒருத்தி வந்திருக்கேன். இவங்க கீப்பரு இருக்காங்க. பந்தைக் குடுங்க, கொஞ்ச நேரம் உதைச்சுட்டுப் போறோம்."

"ஒருத்தர் வந்தா வந்ததா ஆகாது. ரெண்டு டீமும் வந்தாத்தான் பந்துப் பெட்டியத் திறக்கலாம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "சாவியும் என்கிட்ட இல்ல. எனக்கே பந்தைப் பாக்கணும்னுதான் ஆசை." விசிலை ஊதினார். ஐஸ்காரியின் அணி மூன்றுக்குப் பூஜ்யத்தில் தோற்றது. அவள் அங்கேயே நின்று தோல்வியைப் பார்த்தாள்.

பருவம் இப்படியே போயிற்று. எல்லாக் கிளப்புகளும் ஒருவருக்கொருவர் முறை வைத்து வராமல் இருந்தன. சம்பளம் ஒழுங்காக வந்தது. அதுதான் அவளை அதிகம் குடைந்தது. சம்பளம் வராவிட்டால் சண்டை போடலாம். சும்மா உட்கார வைத்துச் சோறு போடுகிறவர்களிடம் என்ன சொல்லி மல்லுக்கு நிற்பது. வீட்டில் அவள் கால் அடங்கவில்லை. தலையணை, தக்காளி, மாமாவின் செருப்பு எல்லாம் அறைக்கு அறை பறந்தன. "அவ உக்காந்திருக்கிற பக்கம் பாத்திரத்த வைக்காத" என்று மாமா அக்காவிடம் சொல்லிவிட்டு வண்டிக்குப் போவார்.

ஒரு நாள் அக்கா கம்பெனியிலிருந்து செய்தித்தாளோடு ஓடிவந்தாள். விளையாட்டுப் பக்கத்தில் ஐஸ்காரியின் படம். 'கோல் மழை' என்று தலைப்பு. லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தவள் அவள்தானாம்.

"எங்க லைன்ல எல்லாருக்கும் காட்டிட்டேன். சூப்பர்வைசர்கூட எழுந்து வந்து பாத்தாரு" என்றாள் அக்கா. "ஒரு வார்த்தை சொல்லலியேடி நீ."

"அக்கா, நான் இன்னும் ஒரு பந்தக்கூட உதைக்கல."

"பேப்பர்ல போட்டிருக்கே."

"போட்டிருக்கு. ஆனா அடிக்கல."

அக்கா கொஞ்ச நேரம் படத்தையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ கவனிக்காம அடிச்சிருப்ப" என்றாள் கடைசியில்.

மறுநாள் ஐஸ்காரி பயிற்சியாளரைப் பிடித்தாள். அவர் அதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் விளக்கினார். வாக்ஓவரில் வந்த கோல்களைச் சங்கத்துக் கம்ப்யூட்டர் சும்மா ஏற்றுக்கொள்ளாது. அடித்தது யார் என்று கேட்கும். ஒன்பதாம் நம்பர் என்றால் முன்னால் நின்று கோல் அடிக்கிற இடம், ஆகவே எல்லாவற்றையும் அவள் பெயரில் போட்டுவிட்டார். "உனக்குத்தானேம்மா நல்லது. ஆடியிருந்தா இத்தனை அடிச்சிருப்பியா?"

அந்தக் கேள்வி அவளை அன்று முழுக்க விடவில்லை. அடித்திருப்பேனா, அடித்திருக்க மாட்டேனா. நடந்தாள், உட்கார்ந்தாள், திரும்ப எழுந்து நடந்தாள். கடைசியில் நேராகச் செயலாளர் அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

செயலாளர் அவளை உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையக் கோப்பைகள். இன்னும் யாருக்கும் கொடுக்காதவை.

"சார், ஆட்டம் நடக்கணும்."

"நடந்துட்டுத்தானேம்மா இருக்கு."

"நிஜமா நடக்கணும் சார். பந்து வச்சு."

செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆட்டம் நடந்தா என்ன ஆகும், யோசிச்சுப் பாத்தியா? யாராவது ஒருத்தர் தோத்துத்தான் ஆகணும். தோத்தவங்க நடுவரக் குத்தம் சொல்லுவாங்க. ஜெயிச்சவங்க தலைக்கனம் பிடிச்சு அலைவாங்க. காலு உடையும். புல்லு போயிடும். ஜனங்க பாக்க வருவாங்க. வந்தா உக்கார இடம் கேப்பாங்க, கழிப்பறை கேப்பாங்க. ஆண்கள் லீக்ல பாரு, நித்தம் புகார். நம்ம பெண்கள் லீக்ல ஒரே ஒரு புகார் வந்திருக்கா? அதனாலதான் மேல்சங்கம் நம்மள மிகவும் ஒழுங்கான லீக்னு பாராட்டியிருக்கு. ஆடாததால வந்த பேரும்மா இது. நீ ஆடிக் கெடுத்துடாத."

"அப்ப நான் எதுக்கு சார்?"

"ஆளில்லாம லீக் நடத்த முடியுமா?" என்றார் செயலாளர், உண்மையான ஆச்சரியத்தோடு.

பருவக் கடைசியில் சங்கத்துக்கே ஒரு சிக்கல் வந்தது. மாறி மாறி விட்டுக்கொடுத்ததில் எல்லா அணிகளுக்கும் ஒரே புள்ளி. சீட்டுக் குலுக்கி இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளை எடுத்தார்கள். ஒன்று ஐஸ்காரியின் அணி, இன்னொன்று கண்டக்டரின் அணி. அதில் யார் வராமல் இருப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மேல்சங்கத் தலைவர் நேரில் வந்து பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. கூடவே டெலிவிஷன்காரர்களும். வேறு வழியில்லாமல் இரண்டு அணிகளும் வர வேண்டியதாயிற்று.

முந்தைய நாள் ஒத்திகை வைத்தார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிவாகியிருந்தது. தலைவர் டீ குடித்து முடித்ததும் ஒன்பதாம் நம்பர் கோல் அடிக்க வேண்டும். அடிக்க வேண்டியது இடது மூலை. கீப்பர் வலது பக்கம் விழ வேண்டும்.

"பந்து?" என்று ஐஸ்காரி கேட்டாள்.

"நாளைக்குத்தான். இன்னிக்குப் பந்து இருக்கிற மாதிரி நினைச்சுக்கங்க" என்றார் செயலாளர்.

இருபத்திரண்டு பெண்களும் இல்லாத பந்தைத் துரத்திக்கொண்டு வெயிலில் ஓடினார்கள். ஐஸ்காரி காற்றை உதைத்தாள். கண்டக்டர் வலது பக்கம் விழுந்தாள். "கொஞ்சம் வருத்தமா விழும்மா" என்றார் செயலாளர். கண்டக்டர் மறுபடி விழுந்தாள்.

மறுநாள் பேச்சுகளே வெகுநேரம் நடந்தன. மேல்சங்கத் தலைவர் பெண்களின் முன்னேற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பெண்கள் மைதானத்தில் இரண்டு வரிசையாக நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா சுவர் ஓரத்தில் நின்று கையசைத்தாள். பிறகு பெட்டி திறக்கப்பட்டது. பட்டுத் துணி போட்ட தட்டில் வைத்துப் பந்தைக் கொண்டுவந்தார்கள். தலைவர் அதை உதைத்துத் தொடங்கிவைக்க வேண்டும். உதைத்தார், செருப்பு மட்டும் போயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆட்டம் ஒத்திகைப்படியே நடந்தது. எல்லாரும் மெதுவாக ஓடினார்கள், மெதுவாகத் தவறவிட்டார்கள். தலைவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். செயலாளர் கைக்குட்டையை அசைத்தார். பந்து உருண்டு ஐஸ்காரியின் காலுக்கு வந்தது. காலுக்கு அதை நம்ப முடியவில்லை. ஒரு கணம் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது.

கண்டக்டர் நாலு எட்டு முன்னால் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நான் விழமாட்டேன். எங்க வேணா அடி. தடுக்கத்தான் போறேன்."

ஐஸ்காரிக்குக் காது சூடாகிவிட்டது. இடது மூலையை விட்டுவிட்டு மேல் கம்பியைப் பார்த்து அடித்தாள். கண்டக்டர் எம்பினாள். விரல் நுனியில் பட்டுப் பந்து கம்பியில் மோதி மைதானத்துக்குள்ளேயே திரும்பி விழுந்தது.

அறிவிப்பாளர் அதற்குள் 'கோல்' என்று ஒலிபெருக்கியில் சொல்லி முடித்திருந்தார். இசைக்குழு வாசிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்தியது. பிறகு எதிரணியில் ஒருத்தி, வலது ஓரத்தில் நின்றவள், மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தவள், பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். தடுக்க வந்தவளும் நிஜமாகவே காலைக் கொடுத்தாள். இருவரும் விழுந்தார்கள். எழுந்தபோது முகமெல்லாம் மண்ணும் சிரிப்பும்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பருவம் முழுக்க அடக்கி வைத்திருந்த அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்ட மாதிரி ஆயிற்று. பயிற்சியாளர் ஓரத்திலிருந்து "பிரேக், பிரேக்" என்று கத்தினார். செயலாளர் நடுவரைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டினார், முடி என்று. கண்ணாடிக் கடைக்காரர் பார்க்காத மாதிரி பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சர்காரி ஒரு கோல் அடித்தாள். ஐஸ்காரி ஒரு கோல் அடித்தாள். கண்டக்டரின் கையைத் தாண்டி, வலை பின்னால் போய் உப்பியது. அக்கா சுவரைக் குதித்து உள்ளே வந்துவிட்டாள். கடைசியில் ஸ்ட்ரெச்சர்காரி இன்னொன்று அடித்தாள். ஐஸ்காரியின் அணி இரண்டுக்கு ஒன்றில் தோற்றது. மேல்சங்கத் தலைவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான் அந்த விளையாட்டா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்த வாரமே கூடியது. செயலாளர்தான் அதற்கும் தலைவர்.

"பந்தைக் கண்டதும் எதுக்கு உதைச்ச?"

"உதைக்கத்தானே சார் வந்தேன்."

"குத்தத்த ஒத்துக்கிட்டா" என்று செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு தீர்ப்பை வாசித்தார். அன்று நடந்தது அங்கீகரிக்கப்படாத ஆட்டம். ஆகவே அது நடக்கவே இல்லை. நடக்காத ஆட்டத்தில் எதிரணி முறைப்படி வராததாகக் கருதி, ஐஸ்காரியின் அணிக்கு மூன்றுக்குப் பூஜ்யத்தில் வெற்றி, கோப்பை. மூன்று கோலும் ஒன்பதாம் நம்பர் பெயரில். அவள் நிஜமாக அடித்த ஒரு கோல் நீக்கப்படுகிறது. தவிர, அவளும் கண்டக்டரும் ஒரு வருடத்துக்கு ஆடக் கூடாது.

"இத்தனை நாளு ஆடினதா சார் கணக்கு?" என்றாள் கண்டக்டர்.

"அது லீக். இது தண்டனை. ரெண்டையும் குழப்பாத."

வெளியே வந்ததும் ஐஸ்காரிக்கு நிற்க முடியவில்லை. சங்கத்து வாசற்படியில் ஏறினாள், இறங்கினாள். "அடிச்சது ஒண்ணே ஒண்ணு. அதையும் எடுத்துட்டாங்க" என்றாள். ஒப்பந்தக் காகிதத்தை நாலாக மடித்து, உள்ளே திரும்பிப் போய்ச் செயலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். அவர் அதன்மேல் டீக் கோப்பையை வைத்தார். மேஜை அப்போதுதான் துடைத்ததாம்.

கண்டக்டருக்கு எல்லா ரூட்டும் தெரியும். ஆறு மணிநேரப் பயணத்தில், இந்தச் சங்கத்தின் தடை எட்டாத வேறொரு நகரம், அங்கே ஒரு சின்னக் கிளப், ஆட்களைப் பார்த்து எடுக்கிறார்கள் என்று அவள் பஸ்ஸின் பழைய டிரைவர் ஒருவர் சொல்லியிருந்தார். மாமா அந்தப் பக்கம் சரக்கு ஏற்றிப் போன நாளில் இருவரும் லாரியில் ஏறிக்கொண்டார்கள். வழி முழுக்க ஐஸ்காரியின் கால் தரைப் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தது.

அந்தக் கிளப்பில் மேஜை கிடையாது. பயிற்சியாளர் ஒரு குட்டையான பெண், முழங்காலில் கட்டு. வணக்கம் சொல்வதற்குள் பந்தை அவள் பக்கம் உருட்டிவிட்டாள். ஐஸ்காரி நிறுத்தினாள், ஓடினாள், அடித்தாள், தவறவிட்டாள், இன்னொரு முறை அடித்தாள். மூச்சு வாங்கியது. பயிற்சியாளர் முழு நேரமும் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி எங்க ஆடியிருக்க?"

ஐஸ்காரியின் பைக்குள் செய்தித்தாள் இருந்தது; அக்கா திணித்து அனுப்பியது. அவள் அதை எடுக்கவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம்க்கா. ஒரு கோல். தோத்துட்டோம்."

"பாத்தாலே தெரியுது. பந்து உன்கிட்ட வந்தா அரை நொடி மலைச்சு நிக்கிற. இடது கால்னு ஒண்ணு இருக்கிறதே உனக்கு ஞாபகமில்ல. மூச்சு பத்தல. இப்ப டீம்ல எடுக்க முடியாது."

இத்தனை மாதத்தில் அவளைப் பார்த்து, பார்த்ததைச் சொன்ன முதல் ஆள் இவள்தான். ஐஸ்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தப் பக்கம் கோலில் கண்டக்டர் எதற்கோ பாய்ந்து மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் சிரிக்கிற? எடுக்கலன்னு சொல்றேன்" என்றாள் பயிற்சியாளர்.

"புரியுதுக்கா."

பயிற்சியாளர் பந்தைக் காலால் தூக்கிக் கையில் எடுத்துக்கொண்டு அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, காலைல வா. வரும்போது அந்த இடது காலையும் கூட்டிட்டு வா."